வெயில் படாத சில்லு

நான்காவது தடவையாக லூர்தம்மாள் அந்தச் சோலார் பேனலைத் தூக்கிக்கொண்டு வந்தபோது, வாசல் காவலாளிகூட "இன்னைக்கும் நீதானாம்மா?" என்று கேட்டுவிட்டார். கேட்டதோடு நிற்காமல் ஒரு கை கொடுத்து மீன்வண்டியிலிருந்து இறக்கியும் வைத்தார். உப்பளத்தில் வேலை செய்து காய்ந்த உடம்பு அவளுக்கு. ஆறடிப் பேனலைப் பழைய சேலையில் சுற்றி, ஒரு கீறல் விழாமல் கொண்டுவந்திருந்தாள்.

உள்ளே பிரம்மசக்திக்குத் தலைவலி ஆரம்பித்தது. பனைமுனைச் சோதனைக் கூடத்தின் தலைமைச் சோதனையாளர் அவள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். தென்கரையில் எந்தக் கூரையில் எந்தப் பேனல் ஏறினாலும் அதன் முதுகில் ஒட்டியிருக்கும் முத்திரையில் அவள் கையெழுத்து இருக்கும். இத்தனை வாட் தரும் என்று அவள் எழுதிவிட்டால் அத்தனை வாட்தான், மறுபேச்சுக் கிடையாது. இதுவரைக்கும் அப்படித்தான் இருந்தது.

இந்தப் பங்குனியில் என்ன பிடித்துக்கொண்டதோ, அறுபத்தொரு பேனல்கள் புகாரோடு திரும்பி வந்துவிட்டன. முத்திரையில் போட்டதைத் தரமாட்டேன் என்கிறது என்று அத்தனை பேரும் ஒரே பாட்டு. ஒவ்வொன்றையும் விளக்கின் கீழே நிறுத்திப் பார்த்தாயிற்று. அறுபத்தொன்றும் ஜம்மென்று தேறிவிட்டன.

"மாட்டுங்க மைதீன்," என்றாள் பிரம்மசக்தி.

மைதீன் கருவிகளைப் பார்த்துக்கொள்பவர். பனைமுனையில் அவர் கை படாத திருகு கிடையாது. பேனலைச் சட்டத்தில் நிறுத்தி வயரைச் செருகி, லூர்தம்மாளிடம் ஒரு கறுப்புக் கண்ணாடியை நீட்டினார். புகார் கொடுத்தவர் பக்கத்தில் நின்று பார்க்கலாம் என்பது விதி. எதிர்ச்சுவர் முழுக்க விளக்குகள். எல்லாம் சேர்ந்து எரிந்தால் ஒரு முழு உச்சிவெயில், சரியாக ஆயிரம் அலகு. உலகத்தில் எந்த மூலையில் பேனலைச் சோதித்தாலும் இதே ஆயிரம்தான்.

விளக்கு எரிந்தது. திரையில் முந்நூற்றுத் தொண்ணூற்றெட்டு வந்தது. முத்திரையில் நானூறு.

"அம்மா, பேனல் குத்துக்கல்லு மாதிரி இருக்கு," என்றார் மைதீன். "நீங்க சரியாத் தொடைக்கிறதில்ல. உப்புக்காத்துல ரெண்டு நாள் விட்டாலே படிஞ்சிரும்."

"யாரு, நானா தொடைக்கல?" லூர்தம்மாளுக்கு மூக்கு விடைத்தது. "குடிக்க வார தண்ணியில பாதிய அது மேலதான் ஊத்துதேன். எங்க வீட்டுக்காரர் மூஞ்சியத் தொடைச்சதவிட அதத் தொடைச்சதுதான் அதிகம். வந்து பாருங்களேன் ஒரு நாள்!"

"கோவிச்சுக்காதீங்க," என்றாள் பிரம்மசக்தி. "ஓலை எத்தனை வந்திருக்கு?"

"மூணாவது நேத்து வந்துட்டு."

அதைக் கேட்டதும் பிரம்மசக்தி பேனாவை வைத்துவிட்டாள். பகலில் கூரையில் விளைந்ததைத் தெருவின் பொது பேட்டரிக்கு அனுப்ப வேண்டும், இருட்டியபின் அது வீட்டுக்குத் திரும்பி வரும். முத்திரைக் கணக்கைவிட நூற்றுக்குப் பத்துக்கு மேல் குறைந்தால் பராமரிப்புக் குறைபாடு என்று தெருமின் அலுவலகத்தில் ஓலை அனுப்புவார்கள். மூன்றாவது ஓலைக்குப் பிறகு ராத்திரி இணைப்பை வெட்டிவிடுவார்கள். லூர்தம்மாளின் புருஷன் சவரிமுத்து வெல்டர் வேலை பார்த்து நுரையீரலைத் தொலைத்தவர். படுத்தால் ஆக்சிஜன் மிஷின் ஓட வேண்டும், ஓடாவிட்டால் விடியாது.

"என்னைக்கு வெட்டுதாங்க?"

"வெள்ளிக்கிழமை சாயங்காலம்."

அன்றைக்குப் புதன். பிரம்மசக்தி பதிவேட்டைப் புரட்டினாள். லூர்தம்மாள் போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, இரண்டு கையையும் விளக்குக்கு நேரே நீட்டிக்கொண்டு நின்றாள்.

"கைய எடுங்கம்மா, சுட்டுரும்," என்றார் மைதீன்.

"குத்துது," என்றாள் லூர்தம்மாள்.

"என்னது?"

"வெயிலு. எனக்குக் கல்யாணமான புதுசுல உப்புப் பாத்தியில இறங்கினா முதுகுல ஊசி ஊசியாக் குத்தும். இப்ப வெளிய அடிக்கிறது குத்தாது மேடம், சும்மா அமுக்குது. உப்பு விளையவே ரெண்டு நாள் கூட ஆகுது. பழைய வெயில உள்ள பூட்டி வச்சிக்கிட்டு எங்களத் தொடைக்கலன்னு சொல்லுதீங்க."

மைதீன் சிரித்துவிட்டார். பிரம்மசக்திக்குச் சிரிப்பு வரவில்லை.

மத்தியானச் சோற்றை அவள் பாதியில் மூடி வைத்தாள். சுருக்கென்று ஏதோ தைத்துவிட்டது, எடுத்துப் போட்டால்தான் ஆறும். மொட்டை மாடிக்கு ஏறினாள். அங்கே பன்னிரண்டு வெயில்மானிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, கண்ணாடிக் குமிழ் போட்ட சின்னச் சின்னக் கருவிகள். இன்றைக்கு வெயில் எவ்வளவு என்று அவைதான் தெருத் தெருவாகச் சொல்லும். இத்தனை வெயிலுக்கு இந்த முத்திரை இவ்வளவு தர வேண்டும் என்று அதை வைத்துத்தான் ஓலை போகும்.

மேலே வானம் வழக்கம்போலக் கழுநீர் நிறத்தில் இருந்தது. பதினாலு வருஷத்துக்கு முன்னால் உலகத்து நாடுகள் எல்லாம் ஒன்றுகூடிப் பேசி, பூமி கொதிக்கிறதென்று மேல்வானத்தில் பொடியைத் தூவினார்கள். மேல்திரை என்று அதற்குப் பெயர். நூற்றுக்கு இரண்டு பங்கு வெயில்தான் குறையும், அதற்கு மேல் ஒரு துளிகூடக் குறையாது என்று சத்தியம் செய்தார்கள். வெக்கை குறைந்தது, மழையும் பெய்தது. வானத்தின் நீலம் போனதற்காக யாரும் வழக்குப் போடவில்லை. பொடியை மட்டும் வருஷா வருஷம் தூவிக்கொண்டே இருந்தார்கள்.

"மைதீன், ஏழாம் நம்பரைக் கழட்டுங்க. விளக்குக்குக் கீழ வச்சுப் பாப்போம்."

மைதீன் அவளை மேலும் கீழும் பார்த்தார். "மானியவா? விளக்கு பேனலுக்கு மட்டும்தானே மேடம்? பல்பு ஒவ்வொண்ணுக்கும் இத்தனை மணி நேரம்னுதான் ஆயுசு. டைரக்டர் கேட்டா?"

"நான் சொல்லிக்கிடுதேன்."

வெயில்மானியை யாரும் விளக்கில் வைத்துப் பார்த்ததே இல்லை. பங்குனியில் மேகமில்லாத ஒரு நாள் உச்சிப்பொழுதில் பன்னிரண்டையும் வரிசையாக வைத்து, பழைய அட்டவணையோடு ஒப்பிடுவார்கள். அன்றைக்கு இருக்க வேண்டிய வெயில் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு என்று அட்டவணை சொல்லும். மானி அதைவிடக் குறைத்துக் காட்டினால் அதற்கு வயதாகிவிட்டது, உப்புக்காற்றில் கண்ணாடி மங்கிவிட்டது என்று அர்த்தம். உடனே ஒரு திருத்தத்தைப் போட்டுச் சரிக்கட்டுவார்கள். கடற்கரைக் கூடம், எல்லாமே சீக்கிரம் துருப்பிடிக்கிற இடம். வருஷத்துக்கு ஒன்று இரண்டு என்று திருத்தம் ஏறியதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

ஏழாம் நம்பரை விளக்கின் முன்னால் வைத்தார்கள். ஆயிரத்து நூற்று நாற்பது காட்டியது.

"விளக்கு ஏறிப்போச்சோ?" என்றார் மைதீன்.

"முந்தாநாள்தான் சரிபார்த்தோம். திருத்தம் எவ்வளவு போட்டிருக்கு?"

"ஒண்ணு புள்ளி ஒண்ணு நாலு."

"அதை எடுத்துட்டுப் பாருங்க."

மைதீன் எடுத்தார். திரையில் ஆயிரம் என்று வந்தது. அச்சடித்த மாதிரி ஆயிரம்.

பிறகு ஒவ்வொன்றாகப் பன்னிரண்டையும் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். ஒன்றுகூட மங்கியிருக்கவில்லை. எல்லாம் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரியே இருந்தன.

"அப்படின்னா மானிக்கு வயசாகல," என்றார் மைதீன் மெதுவாக.

"ஆகல. வெயில்தான் குறைஞ்சிருக்கு. ரெண்டு இல்ல, பன்னெண்டுக்கு மேல. அது குறையக் குறைய நாம மானியத் திருத்திக்கிட்டே வந்திருக்கோம். வெளிய நிஜமா எண்ணூத்து எழுபதுதான் அடிக்குது. நம்ம மானி தொள்ளாயிரத்துத் தொண்ணூறுன்னு சொல்லுது. அந்த வெயிலுக்கு உன் பேனல் ஏன் இவ்வளவுதான் தருதுன்னு ஓலை போகுது."

"இத்தனை வருஷமா யாரும் சொல்லலையே மேடம்?"

"போன வருஷத் திருத்தம் ஒண்ணு புள்ளி ஒண்ணு ஒண்ணு. குறைபாடு பத்துக்குள்ள இருந்துச்சு, யாரும் கண்டுக்கல. இந்த வருஷம் தாண்டிருச்சு. இப்ப புகாரோட வந்தது அறுபத்தொரு வீடு, அடுத்த பங்குனியில ஆறாயிரம் வீடு." அவள் திருத்தப் பதிவேட்டை இழுத்து விரித்தாள். பதினாலு வருஷம், பதினாலு பக்கம். கீழே கையெழுத்துகள். முதல் மூன்று வேறு யாரோ. மீதிப் பதினொன்றும் பிரம்மசக்தி, பிரம்மசக்தி, பிரம்மசக்தி என்று வளைந்து வளைந்து கிடந்தன. அவளுக்கு அவமானமாக இருந்தது. ஒரு பொய்யைக்கூட அவள் எழுதவில்லை. ஒவ்வொரு வருஷமும் ஒழுங்காகத்தான் வேலை பார்த்திருக்கிறாள்.

டைரக்டர் குற்றாலிங்கம் சத்தம் போட்டுப் பேசாதவர். கோபம் வந்தால் இன்னும் தணிந்து பேசுவார். அன்றைக்கு அவர் பேசியதைக் காதைத் தீட்டிக்கொண்டுதான் கேட்க வேண்டியிருந்தது.

"கதவைச் சாத்துங்க. வேற யாருக்குத் தெரியும்?"

"மைதீனுக்குத் தெரியும். உப்பளத்துல வேலை பாக்கிற அத்தனை பேருக்கும் தெரியும் சார். நம்ம விளக்கு குத்துது, வெளி வெயில் குத்தலன்னு லூர்தம்மாள் சொல்லுதாங்க. நமக்குத்தான் தெரியல."

"கிண்டல் வேண்டாம். ரெண்டுன்னு எழுதி நூத்தி எண்பது நாடு கையெழுத்துப் போட்டிருக்கு. பன்னெண்டுன்னு பனைமுனையில இருந்து ஒரு தாள் போனா என்ன நடக்கும்னு நினைக்கீங்க? திரையை எடுத்துருவாங்களா? கூடத்தை எடுத்துருவாங்க. மானியை விளக்குல வைக்கிறது விதியிலயே கிடையாது. செல்லாத சோதனைன்னு ஒரே வரியில தள்ளிருவாங்க."

"அந்தம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கரண்ட்டை வெட்டுதாங்க. வீட்டுக்காரர் மிஷின்ல கிடக்காரு."

குற்றாலிங்கம் மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தார். "கருணை மனு. வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள கையெழுத்துப் போட்டுக் கொடுத்தா அந்த ஒரு வீட்டுக்கு நான் விலக்கு வாங்கித் தாரேன். இதுக்கு மேல என்கிட்ட எதுவும் இல்ல."

படிவத்தில் ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது: 'பேனலை உரிய முறையில் துடைக்கத் தவறியது என் குற்றம்.'

மறுநாள் காலையில் பிரம்மசக்தி அதை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போனாள். லூர்தம்மாள் வரப்பில் உட்கார்ந்து, தலைச்சுமாட்டை உதறிவிட்டு, படிவத்தை எழுத்துக் கூட்டிப் படித்தாள். இரண்டு தரம் படித்தாள்.

"இதுல கையெழுத்துப் போட்டா மிஷின் ஓடுமா?"

"ஓடும்."

"அப்ப பேனாவத் தாங்க."

பிரம்மசக்தி பேனாவைக் கொடுக்கவில்லை. "லூர்தம்மா, ஒரு நிமிஷம் கேளுங்க. நீங்க தொடைக்கத் தவறல. தப்பு எங்க மேல. என் மேல." விளக்கின் கீழே கண்டதை எல்லாம் சொன்னாள். திருத்தம் என்றால் என்ன, ஓலை ஏன் வந்தது, கையெழுத்து யாருடையது என்பது வரைக்கும் சொன்னாள். "நீங்க இதுல கையெழுத்துப் போட்டா மத்த அறுபது வீட்டுக்கும் இதையே நீட்டுவாங்க. அப்புறம் அடுத்த வருஷம் வாரவங்க எல்லாரும் குற்றவாளிதான். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கிடுங்க. நான் ஒரு வழி வச்சிருக்கேன்."

லூர்தம்மாள் எழுந்து நின்றாள். "நல்லா இருக்கு மேடம் நியாயம்! பதினோரு வருஷமா நீங்க போட்ட கையெழுத்துக்கு எங்க வீட்டுக்காரர் மூச்சப் பணயம் வைக்கணுமா? நீங்க உங்க மனசாட்சியக் கழுவிக்கிடுததுக்கு என் வீடுதான் கிடைச்சுதா?"

கேட்ட கேள்வியில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. பிரம்மசக்தி பையிலிருந்து பேனாவை எடுத்துப் படிவத்தின் மேல் வைத்தாள்.

"நீங்களே வச்சிக்கிடுங்க. நாளைக்கு அஞ்சு மணி வரைக்கும் இது செல்லும். நாளைக்குப் பன்னெண்டு மணிக்குக் கூடத்துக்கு வாங்க, இந்தத் தாளையும் கையில வச்சிக்கிட்டே வாங்க. நான் சொன்னது நடக்கலன்னா, அங்கேயே போட்டுக் கொடுங்க. நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

லூர்தம்மாள் தாளை நாலாக மடித்து இடுப்பில் செருகினாள்.

"நான் தொடைச்சேன்," என்றாள். "அது யாராச்சும் எழுதித் தரணும். அதுக்காக வாரேன்."

அந்த வழி என்னவென்றால், கூடத்தின் பாதாள அறையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. அதற்கு இரண்டு சாவி. ஒன்று பிரம்மசக்தியிடம், மற்றது டைரக்டரிடம். பெட்டிக்குள் உள்ளங்கை அகலத்தில், பேனலில் பதிப்பதுபோன்ற ஒரு சில்லு. மூலச்சில்லு என்பார்கள். மேல்திரை விரிப்பதற்கு முன்னால் செய்து, அளந்து, சீல் வைத்து வந்தது. மாதத்துக்கு ஒரு தடவை அதை வெளியே எடுத்து விளக்கின் முன்னால் வைப்பார்கள். அது ஆயிரம் என்று சொல்லும்வரை விளக்கைத் திருகுவார்கள். அவ்வளவுதான் அதற்கு வேலை. வெயில் பட்டால் கெட்டுவிடும் என்று, அந்தக் கூடத்துக்கு வந்த நாளிலிருந்து அதை வெயிலில் காட்டியதே கிடையாது. பேனல் முத்திரை எல்லாவற்றுக்கும் மூலமான அது வெயிலையே பார்த்ததில்லை.

விதிப்புத்தகம் பிரம்மசக்திக்குத் தண்ணி பட்ட பாடு. பதினேழாம் விதிப்படி, தன் பேனலின் தரத்தைத் தீர்மானித்த கருவி எதுவானாலும், பேனல் பயன்படும் சூழலிலேயே அதை வைத்து அளந்துகாட்டச் சொல்லிப் புகார்தாரர் கேட்கலாம். எழுதிய நாள்முதல் ஒருத்தரும் கேட்டதில்லை. லூர்தம்மாள் பெயரில் மனு தயாராகிவிட்டது.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்குக் குற்றாலிங்கம் அந்த மனுவை வெகுநேரம் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்.

"மூலச்சில்லை மாடிக்குக் கொண்டுபோகணும்கிறீங்க."

"புகார்தாரர் கேக்காங்க சார்."

"வெயில்ல காட்டினா அதுக்கு அப்புறம் அது மூலச்சில்லு இல்ல. சீல் போயிரும். நாட்டுலயே மூணுதான் இருக்கு."

"தெரியும்."

"உங்க வேலையும் போகும்."

"அதுவும் தெரியும் சார். சாவியைக் கொடுங்க."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு சாவிக்கொத்திலிருந்து அந்த ஒரு சாவியை மட்டும் கழற்றி, மேஜை மேல் வைத்து நகர்த்தினார்.

மாடியில் முப்பது பேருக்கு மேல் கூடிவிட்டார்கள். புகார் கொடுத்த வீடுகளில் பாதி வந்திருந்தது. இணைப்பை வெட்டுகிற தெருமின் அலுவலகத்தின் அதிகாரியும் குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தார். லூர்தம்மாள் ஓரமாக நின்றாள். இடுப்பில் மடித்த தாள் வெளியே தெரிந்தது. மேகம் ஒன்றுகூட இல்லை.

பிரம்மசக்தி பெட்டியைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷமாக அவள் கைக்குழந்தை போல் பார்த்துக்கொண்ட பொருள். சீலைக் கிழித்தாள். சில்லை எடுத்து, பழைய திருத்தத்தோடே இருந்த ஏழாம் நம்பர் மானிக்குப் பக்கத்தில் வைத்து, வயரைச் செருகினாள்.

"வெளிய இப்ப வெயில் எவ்வளவு?" என்று மானியைக் காட்டி அதிகாரியிடம் கேட்டாள்.

அவர் குனிந்து பார்த்தார். "தொள்ளாயிரத்துத் தொண்ணூறு."

"மூலச்சில்லு என்ன சொல்லுது?"

அவர் இன்னும் குனிந்தார். குடை சாய்ந்தது. "எண்ணூத்து அறுபத்தெட்டு. இது எப்படி? டைரக்டர் சார், வெயில் கம்மியா இருக்கா என்ன?"

கூட்டம் மொத்தமும் குற்றாலிங்கம் பக்கம் திரும்பியது.

"வெயில் கம்மியில்ல," என்றார் குற்றாலிங்கம் தணிந்த குரலில். "வெயில் கம்மின்னு சொல்ல எனக்கு அதிகாரம் இல்ல. சில்லுக்கு வயசாயிருச்சு. அதான் குறைச்சுக் காட்டுது."

லூர்தம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். இடுப்பிலிருந்து தாளை உருவிப் பிரித்தாள். பிரம்மசக்தி அவளைப் பார்த்து, இன்னும் கொஞ்சம் என்பதுபோல் கையைக் காட்டினாள்.

"எத்தனை நாளாச்சு சார் வயசாகி? இப்பத்தான் வெயில்ல வச்சோம். ரெண்டு நிமிஷத்துலயா நூத்துக்குப் பன்னெண்டு போயிரும்?"

"ரெண்டு நிமிஷத்துல போகாது. முன்னாடியே போயிருக்கணும்."

"சரி சார். அப்ப அதை எழுதித் தாங்க. அதிகாரி இருக்காரு, சாட்சிக்கு ஆள் இருக்காங்க." அவள் கோப்பிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாள். மூலக்கருவி முதுமைச் சான்று. தாளை வைத்து எழுதப் பலகையும் பேனாவும் தயாராக இருந்தன. எண்ணை மட்டும் நிரப்பி, கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி.

குற்றாலிங்கம் தாளைப் படித்தார். வானத்தை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தார். பிறகு நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டு, தேதியும் நேரமும் எழுதி, அதிகாரியிடம் கொடுத்தார். அவரும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

பிரம்மசக்தி விதிப்புத்தகத்தைத் திறந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தாள்.

"விதி இருபத்துமூணு. மூலக்கருவி முதுமை அடைந்ததாகச் சான்று அளிக்கப்பட்டால், அதைக் கொண்டு தரப்பட்ட எல்லா முத்திரைகளும் மறுசோதனை முடியும் வரை செல்லாது. செல்லாத முத்திரையைக் காரணமாகக் காட்டி எவர் மீதும் எந்த நடவடிக்கையும் எடுக்கக் கூடாது."

முதலில் யாருக்கும் பிடிபடவில்லை. அதிகாரிக்குத்தான் முதலில் உறைத்தது. குடையை மடக்கினார். "அப்படின்னா முத்திரையே இல்லையா? எந்த வீட்டுக்கும்?"

"தென்கரை முழுக்க இல்ல. நான் கையெழுத்துப் போட்டது ஒண்ணுகூடச் செல்லாது. சில்லு சரின்னா வெயில் குறைஞ்சிருக்கு. வெயில் சரின்னா சில்லு தப்பு, முத்திரை தப்பு. எப்படிப் பாத்தாலும் இவங்க மேல தப்பு இல்ல."

"அப்ப இன்னைக்குச் சாயங்காலம்..."

"வெட்ட முடியாது சார். எதை வச்சு வெட்டுவீங்க?"

கூட்டத்தில் யாரோ ஓவென்று கத்தினார்கள். லூர்தம்மாள் கத்தவில்லை. பிரம்மசக்தியின் பக்கத்தில் வந்து, கையெழுத்துப் போடாத அந்தக் கருணை மனுவை அவள் கையில் கொடுத்தாள்.

"மிஷின் ஓடுமா?"

"ஓடும்."

"நான் தொடைச்சேன்னு?"

பிரம்மசக்தி மனுவைத் திருப்பி வைத்து, பின்பக்கத்தில் எழுதினாள்: 'லூர்தம்மாள் தன் பேனலைச் சரியாகத் துடைத்துவந்தார். குறை அளவீட்டில்தான்.' கையெழுத்துப் போட்டாள். அவள் போட்டதிலேயே நிம்மதியாகப் போட்ட கையெழுத்து அது. லூர்தம்மாள் அதை வாங்கி, எழுத்துக் கூட்டிப் படித்து, பழையபடி நாலாக மடித்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். அப்புறம்தான் அவளுக்குக் கண் கலங்கியது.

எல்லோரும் போனபிறகு பிரம்மசக்தியும் மைதீனும் சில்லைக் கீழே கொண்டுபோனார்கள்.

"நிஜமாவே கெட்டிருக்குமோ மேடம்?" என்றார் மைதீன்.

"வச்சுப் பாப்போம்."

விளக்கின் முன்னால் வைத்தார்கள். திரையில் ஆயிரம் வந்தது. வெயிலைப் பார்த்துவிட்டு வந்ததில் அதற்கு ஒரு குறையும் நேரவில்லை. பிரம்மசக்தி அந்த எண்ணைத் தேதியோடு பதிவேட்டில் எழுதினாள். கீழே வெயிலின் எண்ணையும் எழுதினாள். எண்ணூற்று அறுபத்தெட்டு, திருத்தம் எதுவும் போடவில்லை. எழுதி முடித்துவிட்டு விதிப்புத்தகத்தை அலமாரியில் வைக்கப் போனவள், என்ன தோன்றியதோ, கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் விதிகளை மனப்பாடம் செய்தவள், யார் எழுதினார்கள் என்று பார்த்ததில்லை. தொகுப்புக் குழு என்று ஏழெட்டுப் பெயர்கள். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருந்தது: 'விதிகள் பதினேழு, இருபத்துமூன்று வரைவு: கு. குற்றாலிங்கம், இளநிலைப் பொறியாளர்.'

அவள் அந்த வரியை மைதீனிடம் காட்டினாள். மைதீன் படித்துவிட்டு "அடேயப்பா" என்றார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. குற்றாலிங்கம் வந்து நின்றார். விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அவர் கிட்டே போய், சட்டைக் கையை மடித்துவிட்டு, வெறும் கையை அதன் முன்னால் நீட்டினார்.

"அந்தம்மா சொன்னது சரிதான். குத்துது," என்றார்.

அந்த விதிகளைப் பற்றிப் பிரம்மசக்தி எதுவும் கேட்கவில்லை. கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும், சொன்னால் அது ஒரு தாளில் ஏறும்.

"மறுசோதனைக்குப் புது மூலச்சில்லு வர ஒரு வருஷம் ஆகும்," என்றார் அவர். "உங்க மேல விசாரணை வரும். என் மேலயும் வரும். அது முடியறதுக்கும் ஒரு வருஷம் ஆகும். அதுவரைக்கும் எதை வச்சு அளக்கப் போறீங்க?"

"வெயிலை வச்சு சார். மாடியில. தினமும் உச்சிக்கு."

அவர் தலையை ஆட்டினார். சட்டைக் கையை இறக்கிப் பொத்தானைப் போட்டுக்கொண்டு கதவு வரைக்கும் போனவர், திரும்பாமலே சொன்னார்.

"பன்னெண்டு மானியையும் வைங்க. இந்தத் தடவை ஒண்ணுக்கும் திருத்தம் போடாதீங்க."